மூச்சுக் கட்டணம் தனி

லிஃப்ட் மெக்கானிக் தம் இருபத்திரண்டு வருட வேலையில் எத்தனையோ கையேடுகளைப் படித்தவர். எந்தக் கையேடாக இருந்தாலும் முதல் பக்கத்தில் ‘மின் இணைப்பைத் துண்டிக்கவும்’ என்று போட்டிருக்கும். கடைசிப் பக்கத்தில் நட்டு, போல்ட்டுகளின் பட்டியல் இருக்கும். நடுவில் இருப்பதைப் பொறுமையாகப் படித்தால் எப்பேர்ப்பட்ட இயந்திரமும் பிடிபட்டுவிடும். ஆனால் மகள் கொண்டுவந்து நீட்டிய நடிப்புக் கல்லூரியின் கையேட்டை மூன்று முறை படித்த பிறகும் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

முதல் வருடம், கற்றதை மறத்தல். இரண்டாம் வருடம், மூச்சு விடுதல். மூன்றாம் வருடம், நிற்றல். நான்காம் வருடம், பார்வையாளர்களை மன்னித்தல்.

“நாலாவது வருஷத்துலயாவது நடிக்க விடுவாங்களா கண்ணு?” என்று மகளிடம் கேட்டார்.

“அது மேல்படிப்புப்பா.”

அவர் மனைவி பஸ் நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர். பதினாறு வருடமாக ஒரு நாளைக்கு அறுநூறு கேள்விகளுக்குப் பதில் சொல்பவருக்கு எதிலும் நேராகக் கட்டண அட்டவணையைப் பார்த்துத்தான் பழக்கம். கையேட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். சேர்க்கைக் கட்டணம். மேடைக் கட்டணம். மேடை கிடைக்காத நாட்களுக்கான காத்திருப்புக் கட்டணம். மௌனக் கட்டணம். கீழே பொடி எழுத்தில், ‘மூச்சுக் கட்டணம் தனி.’

“பாருங்க, இத்தனை வருஷமா நாம ஓசியிலேயே விட்டுட்டிருந்திருக்கோம்” என்றார்.

மகளுக்குப் பதினேழு வயது. மேடையேறிப் பரிசு வாங்கிய பிள்ளை இல்லை. ஆனால் ஒருவரை ஒரு தடவை பார்த்தால் போதும், அவர் நடந்து போன பிறகும் வீட்டுக்குள் அவர் நடந்துகொண்டிருப்பார். பல் டாக்டரிடம் போய்விட்டு வந்த அன்று முழுக்க அவள் பல் டாக்டராகவே இருந்து, சாப்பிட உட்கார்ந்த தன் தகப்பனை வாய் திறக்கச் சொல்லிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சைக் கேட்டுப் பயந்துபோய் அவர் மறுநாளே ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டார். இதுவரை இது வேண்டும் அது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்காத பெண், கையேட்டை மேஜைமேல் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

“எனக்கு இதைத் தவிர வேற எதுவும் வேணாம்பா.”

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? ஒரே பெண். இருவரும் வீட்டு முன்பணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்ததை ஒரு தடவை நினைத்துக்கொண்டார்கள். பிறகு நினைப்பதை விட்டுவிட்டார்கள்.

பெற்றோருக்கான விளக்கக் கூட்டம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்கள். நானூறு பேர் உட்காரும் அரங்கம். முதல்வர் அம்மையார் மேடைக்கு வந்ததும் ஒன்றும் பேசாமல் நான்கு நிமிடம் நின்றார். மைக் வேலை செய்யவில்லையோ என்று லிஃப்ட் மெக்கானிக் எழப் போனார். மனைவி சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“இப்போ உங்களுக்குள்ள ஏதோ நடந்துச்சு இல்லையா?” என்று முதல்வர் கடைசியில் வாயைத் திறந்தார். “அதுதான் எங்க பாடத்திட்டம். வெளியில ஏதேதோ பேசிக்கறாங்க. இங்க படிச்சா வேலை கிடைக்காதுன்னு. அது பொய். இங்க படிச்சா வேலை தேவைப்படாது. வேலைக்குப் போறவன் ஊழியன், வேலையில்லாம இருக்கறவன் கலைஞன். எங்க பழைய மாணவர்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்தேழு பேரு இன்னைக்கும் கலைஞர்களாவே இருக்காங்க. இதைச் சொல்ல வேற எந்தக் கல்லூரிக்காவது துணிச்சல் இருக்கா?”

அரங்கம் அதிரக் கைதட்டியது. விசாரணைக் கவுண்டர் அம்மா கையைத் தூக்கினார்.

“மீதி மூணு பேருக்கு என்ன ஆச்சு மேடம்?”

முதல்வரின் முகம் வாடியது. “அவங்க இங்கயே பேராசிரியர்களா இருக்காங்க. அந்த வருத்தம் எங்களுக்கும் உண்டு.”

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும். தலைப்பு, ‘என்னைச் செதுக்கிய காயம்.’ இதற்கென்றே கல்லூரிக்கு எதிர்ச் சந்தில் ஓர் ஆலோசகர் கடை போட்டிருந்தார். கடிகாரத்தை மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார். மகளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார், பெற்றோரையும் பார்த்தார்.

“வீட்டுல குடிப்பழக்கம் உண்டா?”

“டீதான் சார். நாலு தடவை” என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

“நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சு வாழறீங்களா?”

“ஷிஃப்ட் மாறும்போது மட்டும்” என்றார் மனைவி.

“பொண்ணு நடிக்கறதுல யாருக்காவது எதிர்ப்பு? தாத்தா, சித்தப்பா, யாராவது?”

“யாருக்கும் இல்லீங்களே. எல்லாரும் சந்தோஷமாத்தான் இருக்காங்க.”

ஆலோசகர் பேனாவை மூடி வைத்தார். புற்றுநோய் என்று சொல்ல வரும் டாக்டரைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் மறைக்க விரும்பல. உங்க பொண்ணுக்குக் காயம் பத்தாது. போன வருஷம் சேர்ந்த பிள்ளைகள்ல ஒருத்தனை மூணு வயசுல சர்க்கஸ்ல விட்டுட்டு வந்திருந்தாங்க. நீங்க என்னடான்னா பிள்ளைய நல்லபடியா வளத்துட்டு இங்க வந்து நிக்கறீங்க. பத்து நாள் இருக்கு. ஏதாவது ஏற்பாடு பண்ணுங்க.”

வீடு திரும்பும் வழி முழுக்க லிஃப்ட் மெக்கானிக் குற்ற உணர்ச்சியில் குமைந்தார். பிள்ளைக்கு ஒன்று தேவைப்படும்போது வாங்கிக் கொடுக்க முடியாத தகப்பன் என்ன தகப்பன்? அன்று மாலையே காரியத்தில் இறங்கினார். சோபாவிலிருந்து எழுந்து, கதவை ஒரு தடவை ஓங்கிச் சாத்தினார். கீல் கழன்றுவிட்டதோ என்று குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு மகளின் அறை வாசலில் போய் நின்றார்.

“நான் உயிரோட இருக்கற வரைக்கும் நீ நடிக்கப் போகக் கூடாது!” என்று கத்தினார்.

மகள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள்.

“சாப்பிட்டியா?” என்றார் உடனே. அவரால் அடக்க முடியவில்லை.

“அப்பா, அதைச் சொல்லாம போயிருந்தா நல்லா வந்திருக்கும்.”

“மறுபடியும் பண்ணட்டுமா?”

அன்றிரவு எட்டு மணிக்குள் பதினொரு தடவை எதிர்த்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஏதாவது நல்ல வார்த்தை வந்து விழுந்தது. ஆறாவது தடவை, “இந்த வீட்டுல உனக்கு இடமில்ல” என்று ஆரம்பித்து, “பெரிய ரூமை வேணா நீ எடுத்துக்கோ” என்று முடித்தார். அவள் குப்புறப் படுத்துத் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். மனைவி அடுப்படியிலிருந்து, “விட்டுடுங்க, பாவம், உங்களுக்கு வராது” என்றார். கடைசியில் மகள் ஆலோசகரின் பேச்சைக் கேட்காமல், அப்பாவால் தன்னைக் காயப்படுத்த முடியாமல் போன கதையையே எழுதி அனுப்பினாள். கல்லூரி அதைப் படித்ததோ இல்லையோ, கட்டணம் வந்து சேர்ந்ததற்கு ரசீதும், தேர்வு எண் இருநூற்றுப் பன்னிரண்டும் வந்தன.

தேர்வு நாளன்று கல்லூரியின் மூன்றாம் மாடிக்கு மூவரும் படியேறிப் போனார்கள். ‘லிஃப்ட் தேர்வுக் குழுவினருக்கு மட்டும்’ என்று பலகை இருந்தது. தாழ்வாரத்தில் கால் வைக்க இடமில்லை. ஒருவன் தரையில் நீளமாகப் படுத்து நெளிந்துகொண்டிருந்தான். கேட்டதற்கு, ஓடுகிற ஆறு என்று அவனுடைய அம்மா சொன்னார். ஒரு பெண் சுவரோரம் நின்று கொதிக்கும் கெட்டிலாக இருந்தாள். அவளுடைய அப்பா அருகில் நின்று, “ஆவி பத்தல, ஆவி பத்தல” என்று ஊக்கப்படுத்திக்கொண்டிருந்தார்.

பதிவாளரின் மேஜையில் பெற்றோர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ‘என் மகனை/மகளை அழவைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சிரிக்க வைத்தால் முன்கூட்டியே தெரிவிக்கப்பட வேண்டும்.’

“எங்க பொண்ணை எத்தனை மணிக்குக் கூப்பிடுவீங்க?” என்று கேட்டார் விசாரணைக் கவுண்டர் அம்மா.

“பதினொன்னு நாற்பது. இன்னைக்கு முதல் ஆளே உங்க பொண்ணுதான். ஒரு நிமிஷம் முந்தாது, ஒரு நிமிஷம் பிந்தாது. இந்தக் கல்லூரி ஆரம்பிச்ச நாள்லேருந்து நேரம் மாறினதில்ல” என்றார் பதிவாளர். தலைக்கு நடுவில் கோடு போட்டாற்போல் வகிடு எடுத்த மனிதர். அவருக்கு முன்னால் விதிமுறைப் புத்தகம் ஒன்று திறந்தே இருந்தது.

பதினொன்றே கால் மணி வாக்கில் எங்கிருந்தோ ஓர் அலறல் கேட்டது.

“காப்பாத்துங்க! யாராவது காப்பாத்துங்க!”

தாழ்வாரத்தில் இருந்த எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். யாரும் இடத்தை விட்டு நகரவில்லை.

“அடிவயித்துலேருந்து வரல, கவனிச்சீங்களா?” என்றார் கெட்டிலின் அப்பா.

“ரெண்டாவது ‘காப்பாத்துங்க’ பரவாயில்ல. கொஞ்சம் உண்மை இருந்துச்சு” என்றார் ஆற்றின் அம்மா.

அலறல் கூடியது. உலோகத்தின்மேல் முஷ்டியால் குத்தும் சத்தமும் சேர்ந்துகொண்டது. அது உச்சத்தைத் தொட்ட இடத்தில் தாழ்வாரமே கைதட்டியது. கைதட்டல் கேட்டதும் அலறல் சட்டென்று நின்று, நாலைந்து விநாடி அமைதி நிலவியது. அலறியவர் தலை வணங்கியிருக்க வேண்டும். பிறகு மறுபடியும், “ஐயோ, இது நிஜம்! இது நிஜம்!” என்று கேட்டது. அதற்கு முன்னதைவிடப் பலமான கைதட்டல்.

லிஃப்ட் மெக்கானிக் குரலைக் கேட்கவில்லை. குரலுக்குப் பின்னால் இருந்த வேறொரு சத்தத்தைக் கேட்டார். மோட்டார் இழுக்கப் பார்த்து, முடியாமல் விட்டு, மறுபடி இழுக்கப் பார்க்கிற டக், டக். இருபத்திரண்டு வருடம் கேட்ட சத்தம்.

“இது நடிப்பில்ல” என்றார். “ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல மாட்டியிருக்காங்க.”

லிஃப்ட் மெக்கானிக்குகள் கல்யாணத்துக்குப் போனாலும் கதவுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள். அவர் லிஃப்ட்டின் மெயின் சுவிட்சைத் தேடி அணைத்துவிட்டு, மூன்றாம் மாடிக் கதவைச் சாவி போட்டு விலக்கினார். தரை மட்டத்தில் ஒன்றரைச் சாண் உயரத்துக்கு ஓர் இடைவெளி. அதன் வழியாகக் கீழே பார்த்தால் மூன்று தலைகள் தெரிந்தன. நடுவில் முதல்வர் அம்மையார். ஒரு பக்கம், ஒல்லியாக, வாயே திறக்காத அசைவுப் பேராசிரியர். இன்னொரு பக்கம் மலை போன்ற மூச்சுப் பேராசிரியர். அலறியவர் அவர்தான். இருபது வருடமாக நாடு முழுக்கப் பிள்ளைகளுக்கு மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தவர், இப்போது வியர்வையில் நனைந்து, வாயை மீன் போலத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“மொட்டை மாடியில மோட்டார் ரூம் இருக்கும். கையால சக்கரத்தைச் சுத்தி இறக்கிடலாம். அரை மணி நேர வேலை” என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

பதிவாளர் விதிமுறைப் புத்தகத்தோடு வந்து குறுக்கே நின்றார்.

“வெளியாள் யாரும் மோட்டார் ரூமுக்குப் போகணும்னா முதல்வரோட எழுத்துப்பூர்வ அனுமதி வேணும்.”

“முதல்வர் உள்ளதான் இருக்காங்க.”

“அப்போ அவங்க வெளிய வந்ததும் வாங்கிக்கலாம்.”

“அவங்க வெளிய வரணும்னா நான் மோட்டார் ரூமுக்குப் போகணும்.”

“அதுக்கு அனுமதி வேணும்” என்றார் பதிவாளர் பொறுமையாக. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல அதே வரியை இன்னும் இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

விசாரணைக் கவுண்டர் அம்மா அந்தப் புத்தகத்தைப் பதிவாளர் கையிலிருந்து வாங்கி, அதில் இருந்த அனுமதிப் படிவத்தைக் கிழித்து, ஒரு பேனாவோடு சேர்த்து இடைவெளிக்குள் நீட்டினார். முதல்வர் கால் நுனியில் எம்பி நின்று லிஃப்ட்டின் சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பதிவாளர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“தேதி போடலையே மேடம்.”

தாள் மறுபடி உள்ளே போனது. மறுபடி வெளியே வந்தது. இந்தத் தடவை மோட்டார் அறைச் சாவியும் கூடவே வந்தது. அதுவும் முதல்வர் கைப்பையில்தான் இருந்திருக்கிறது. லிஃப்ட் மெக்கானிக் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினார்.

மணி பதினொன்று நாற்பது.

“இருநூற்றுப் பன்னிரண்டு!” என்று பதிவாளர் கூப்பிட்டார். மகளுக்கு முகம் வெளிறியது.

“தேர்வு ரூம்ல யாருமே இல்லையே சார்?”

“நேரம் மாறாது. காலி நாற்காலிகளுக்கு முன்னால செஞ்சு காட்டலாம். இல்லன்னா வராதவங்கன்னு குறிச்சுக்குவோம். அடுத்த வருஷம் புதுசா விண்ணப்பிக்கலாம். புதுக் கட்டணம்.”

மகள் அம்மாவைப் பார்த்தாள். பெண்ணின் கண்ணில் நீர் கட்டி நிற்பதைப் பார்த்ததும் அந்தத் தாய்க்கு உடம்பு பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபத்தில் கத்துகிறவர் விசாரணைக் கவுண்டரில் பதினாறு வருடம் தாக்குப்பிடிக்க முடியாது. பதிவாளரின் புத்தகத்தை நாலு பக்கம் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தார்.

“இதைக் கொஞ்சம் படிங்க சார்.”

“‘தேர்வுக் குழு எங்கு கூடியிருக்கிறதோ அதுவே தேர்வு அறை’” என்று படித்தார் பதிவாளர். அவர் முகத்தில் மெல்ல ஒரு நிம்மதி பரவியது. விதி ஒன்று கிடைத்துவிட்டால் அவருக்கு உலகமே சரியாகிவிடும். “இருநூற்றுப் பன்னிரண்டு, இங்கயே ஆரம்பிக்கலாம். ஏழு நிமிஷம்.”

மகள் லிஃப்ட் வாசலில் குப்புறப் படுத்து இடைவெளியில் முகத்தை வைத்தாள். ஆலோசகர் தயார் செய்து கொடுத்த வசனத்தை ஆரம்பித்தாள். கணவனான மலையை விட்டுப் பிரிந்துவரும் ஒரு நதியின் புலம்பல் அது. “மலையே, நீ என்னைத் தாங்கவில்லை, தடுத்தாய்” என்று முதல் வரி சொல்வதற்குள், மூச்சுப் பேராசிரியர் லிஃப்ட்டின் சுவரில் சரிந்தார்.

“மூச்சு வரல… எனக்கு மூச்சு வரல…”

நதி அங்கேயே நின்றுவிட்டது. பிறகு அவள் தோள்கள் சற்றுத் தளர்ந்தன, தாடை சற்று முன்னால் வந்தது, குரலில் எங்கிருந்தோ ஒரு மைக்கின் கரகரப்பு ஏறியது.

“அடுத்தவங்க சொல்லுங்க. எங்க போகணும்?”

உள்ளே மூச்சுப் பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார். “கீழ… கீழ போகணும்மா.”

“எத்தனை பேரு?”

“மூணு பேரு.”

“லக்கேஜ் இருக்கா?”

“இல்ல. ஒரு கைப்பை.”

“கைப்பைய மடியில வெச்சுக்கோங்க. நிக்க முடியலன்னா உக்காந்துக்கோங்க, தப்பில்ல. டிரைவர் மேல ஏறிட்டாரு. இன்னும் கொஞ்ச நேரத்துல வண்டி கிளம்பிடும். கிளம்பறப்போ ஒரு குலுக்கல் குலுக்கும். பயந்து எழுந்திருக்கக் கூடாது, அது அந்த வண்டியோட பழக்கம். அப்புறம் நின்னு நின்னுதான் போகும். ஒவ்வொரு தடவை நிக்கறப்பவும் வந்துடுச்சான்னு கேக்காதீங்க, வந்தா நானே சொல்றேன்.”

“நிச்சயமா கிளம்புமாம்மா?”

“சார், நான் இந்த சீட்டுல பதினாறு வருஷமா உக்காந்திருக்கேன். கிளம்பாத வண்டிக்கு நான் நேரம் சொல்றதில்ல. தண்ணி வேணுமா? யாராவது ஒரு பாட்டில் குடுங்கப்பா. மெதுவா குடிங்க. வாய வெச்சுக் குடிக்காதீங்க, இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க.”

மூச்சுப் பேராசிரியர் தரையில் உட்கார்ந்து, அண்ணாந்து தண்ணீர் குடித்து, நீளமாக ஒரு மூச்சு விட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, எப்படி விடுகிறோம் என்று யோசிக்காமல் விட்ட மூச்சு.

தாழ்வாரத்தில் ஆறு எழுந்து உட்கார்ந்துவிட்டான். கெட்டில் அணைந்துவிட்டது. விசாரணைக் கவுண்டர் அம்மா மட்டும் கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தன் குரலைத் தானே கேட்டுப் பழக்கமில்லை. ஒவ்வொரு நாளும் தொண்டை வறண்டு வீட்டுக்கு வந்து, இன்றைக்கும் எல்லோரிடமும் எரிந்து விழுந்தோம் என்று நினைத்துக்கொண்டுதான் படுப்பார். அந்தக் குரலுக்குள் இத்தனை ஆறுதல் இருப்பது அவருக்கே இப்போதுதான் தெரிந்தது.

வண்டி சொன்னபடியே குலுங்கியது. சொன்னபடியே நின்று நின்று இறங்கியது. யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் மாடியில் கதவு திறந்ததும் எல்லோரும் படியிறங்கி ஓடிப்போய்ப் பார்த்தார்கள். அசைவுப் பேராசிரியர் நாலு காலில் தவழ்ந்து வெளியே வந்தார். பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் உடனே அதைக் குறித்துக்கொண்டார்கள். முதல்வர் கூந்தலைச் சரி செய்துகொண்டு கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க இப்போ பார்த்தது ஒரு திட்டமிட்ட பயிற்சி” என்றார்.

அரங்கம் அதிர்ந்தது போலக் கைதட்டல்.

லிஃப்ட் மெக்கானிக் கையெல்லாம் கிரீஸோடு மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தார். பெண்ணின் தேர்வு முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் முகம் தொங்கிப்போனது. “நான் பார்க்கலையே! எப்படிப் பண்ணினா?”

“என்னை மாதிரியே பண்ணினா” என்றார் மனைவி. மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “ஏங்க, நான் அவ்ளோ ஒன்னும் மோசமில்ல.”

பத்தாவது நாள் கடிதம் வந்தது. மகள் பிரித்துப் படித்துவிட்டு அப்பாவிடம் நீட்டினாள்.

‘விண்ணப்பதாரர் எண் 212. முடிவு: தகுதி பெறவில்லை. காரணம்: விண்ணப்பதாரரிடம் நடிப்பு எதுவும் காணப்படவில்லை. அவர் பேசியது முழுவதையும் குழு நம்பிவிட்டது. நம்பிக்கை ஏற்பட்டுவிட்ட இடத்தில் நடிப்பை மதிப்பிட இயலாது. நடிப்பு என்பது வெளியே தெரிய வேண்டும் என்பதே இந்நிறுவனத்தின் நாற்பதாண்டுக் கொள்கை.’

உறைக்குள் இன்னொரு தாளும் இருந்தது. பில். ‘சிற்றறையில், முதல்வர் உள்ளிட்ட மூன்று பேராசிரியர்களுடன், இடைவேளையற்ற தனிக் கவனிப்பு. ஐம்பத்தைந்து நிமிடம். மூச்சு தனி.’

“மூச்சு விட்டது அவரு. பில்லு நமக்கா?” என்றார் லிஃப்ட் மெக்கானிக். யாரும் சிரிக்கவில்லை. மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். எத்தனையோ கதவுகளைத் திறந்தவருக்கு இதற்குச் சாவி கையில் இல்லை. “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்பு மணி அடித்தது. வாசலில் மூச்சுப் பேராசிரியர். ஐந்தாவது மாடிக்குப் படியேறி வந்திருந்தார். லிஃப்ட்டைக் காட்டி, “மன்னிச்சுக்கோங்க, இனிமே அது வேணாம்” என்றார். சோபாவில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“நான் ராஜினாமா பண்ணிட்டேன். நிஜமாவே கத்தினேன், கை தட்டினாங்க. கை தட்டினதும் நிஜமாவே சாகப் போறவன் தலை வணங்கினேன். அப்பவே தெரிஞ்சுபோச்சு, இருபது வருஷமா நான் என்னத்தைக் கத்துக் குடுத்தேன்னு.” மகளின் பக்கம் திரும்பினார். “மார்க் போடற தாள்ல உனக்கு நான் முழு மார்க் போட்டேன்மா. அந்த ரெண்டு பேரும் ஒத்துக்கல. என் தம்பியோட செருப்புக் குடோன் ஒன்னு காலியா இருக்கு. பதினோரு பேரு சேர்ந்திருக்கோம். நாலு மாசத்துல ஒரு நாடகம் போடறோம். கட்டணம் கிடையாது. டிக்கெட் வித்தா பங்கு உண்டு. வித்தாத்தான். வர்றியா?”

மகள் தலையை மட்டும் ஆட்டினாள்; ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

“ஒத்திகை எத்தனை மணிக்கு ஆரம்பம்? எத்தனை மணிக்கு முடியும்? திரும்ப வர கடைசி பஸ் ஒன்பது பத்துக்கு” என்றார் விசாரணைக் கவுண்டர் அம்மா.

“எட்டுக்கு விட்டுடறேம்மா” என்றார் பேராசிரியர், அந்தக் குரலைக் கேட்டதும் தானாக நிமிர்ந்து உட்கார்ந்து.

டீ வந்தது. அப்போதுதான் அவர் கண்ணில் மேஜைமேல் இருந்த பில் பட்டது. எடுத்துப் படித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சோபாவும் சேர்ந்து குலுங்கியது. மகளுக்கு அந்தச் சிரிப்பு தொற்றிக்கொண்டது. கடிதம் வந்ததிலிருந்து இறுகிக் கிடந்த முகம் அவிழ்ந்தது. பில்லை அவர் கையிலிருந்து வாங்கினாள். முதுகை நிமிர்த்தினாள், ஓர் இமையை மட்டும் சற்று இறக்கினாள், நான்கு விநாடி ஒன்றும் பேசாமல் நின்றாள். அறைக்குள் முதல்வர் அம்மையார் வந்து நின்றுவிட்டார். லிஃப்ட் மெக்கானிக் தன்னையறியாமல் சோபாவிலிருந்து எழுந்துவிட்டார்.

“பதிவாளருக்கு ஞாயித்துக்கிழமையும் ட்யூட்டிதான்” என்றார் பேராசிரியர், கண்கள் பளபளக்க. “முதல்வர் எடுத்ததும் ஹலோ சொல்ல மாட்டாங்க. ‘எழுதிக்கோ’ன்னுதான் ஆரம்பிப்பாங்க.”

அம்மா வேண்டாம் என்று சொல்வார் என்று மகள் பார்த்தாள். அம்மா எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, போனை நீட்டினார்.

“பதிவாளர் அலுவலகம்.”

“எழுதிக்கோ” என்றாள் மகள்.

மறுமுனையில் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. மனிதர் எழுந்து நின்றுவிட்டார். “சொல்லுங்க மேடம்.”

“இருநூற்றுப் பன்னிரண்டு. அந்த பில்லை ரத்து பண்ணிடு.”

“பண்ணிடறேன் மேடம். காரணம் என்னன்னு எழுதட்டும்?”

மகள் நான்கு விநாடி எடுத்துக்கொண்டாள். “காரணம் கேக்கறவன் ஊழியன். கேக்காதவன் கலைஞன்.”

“புரிஞ்சுது மேடம். கலைஞன்னு எழுதிடறேன். பில் ரத்து.” பேனா கீறும் சத்தம் கேட்டது. முத்திரை குத்தும் சத்தம் கேட்டது. “ஆச்சு மேடம்.”

“நன்றி” என்றாள் மகள்.

மூச்சுப் பேராசிரியர் நெற்றியில் அடித்துக்கொண்டார். லிஃப்ட் மெக்கானிக் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். யாரும் மூச்சு விடவில்லை.

“மேடம்” என்றார் பதிவாளர் கடைசியில். குரல் தழுதழுத்தது. “பதினெட்டு வருஷ சர்வீஸ்ல என்கிட்ட நீங்க இந்த வார்த்தையைச் சொன்னதில்ல. இதை எந்த ரெஜிஸ்டர்ல மேடம் பதியணும்?”